சுக்கானுக்குக் கீழே ஒரு தோட்டம்: ஃபொரெஸ்தியேரே என்ற விவசாயி

எங்கள் ஊர்ப்பக்கம் குழி வெட்டுகிறவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கடப்பாறை மண்ணில் இறங்கினால் 'சொத்'தென்று ஒரு சத்தம் வரும். இரண்டரை அடி, மூன்றடி போனதும் அதே கடப்பாறை 'ணங்'கென்று எகிறித் திரும்பும். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை விறுவிறுக்கும். "சுக்கான் எட்டிருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா மேலே ஏறி வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மண்ணுக்கு அடியில் கல்போல் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்பு அடுக்கைத்தான் நாங்கள் சுக்கான் என்போம். அந்த நிலத்தில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்பதை அந்த ஒரு சத்தம் சொல்லிவிடும்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடி இது. சித்தூர் தாலுகா. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கேரளம் என்றதும் எல்லார் மனதிலும் வருகிற பச்சையை இங்கே தேடக்கூடாது. கேரளத்தில் கரிசல் மண் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இந்தத் தாலுகாவில்தான். மழை கேரளச் சராசரியில் பாதிகூட வராது. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் பாசனத்துக்குக் கிடைக்க வேண்டும். அதன் கடைமடையில் காத்திருக்கிறவர்கள் நாங்கள். அப்பா உடுமலைப் பக்கத்திலிருந்து கிணறு வெட்ட வந்தவர். வந்த இடத்தில் இரண்டரை ஏக்கர் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று முதல் குழியிலேயே தெரிந்துவிட்டது.

இந்தப் பின்னணியோடுதான் பல்தசாரே ஃபொரெஸ்தியேரேயின் கதையை நான் படித்தேன். சிசிலியில் பிறந்து, அமெரிக்காவில் கூலி வேலை பார்த்து, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் நிலம் வாங்கி, அந்த நிலத்துக்கு அடியில் நாற்பது ஆண்டுகள் தன் கையால் குடைந்து வீடும் தோட்டமும் உண்டாக்கியவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் விசித்திரமான மனிதர் என்கிறார்கள், தனிமையின் கலைஞர் என்கிறார்கள். சுக்கான் நிலத்தில் கடப்பாறை பிடித்த எவருக்கும் அவர் விசித்திரமாகத் தெரியமாட்டார். பழமரம் வைக்க ஆசைப்பட்டு, பாறை தட்டிய ஒரு விவசாயி. அந்தப் பாறையை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் இந்த ஆய்வு.

அவர் வந்த வழி

1879 ஜூலை 8 அன்று, மெசினாவை அடுத்த ஃபிலாரி என்ற சிற்றூரில் பிறந்தார். திராட்சையும் ஆரஞ்சும் எலுமிச்சையும் விளையும் பகுதி. குடும்பமும் பழத்தோட்டக் குடும்பம்தான். இருபதுகளின் தொடக்கத்தில் கப்பலேறி அமெரிக்கா போனார். கிழக்குக் கரையில் அவருக்குக் கிடைத்தது மண்ணுக்கு அடியில் வேலை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ரயில் சுரங்கப்பாதைகள் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூலிகளில் ஒருவராக மண்ணைக் குடைவது, முட்டுக் கொடுப்பது, சரிவு வருமா வராதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்டார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. கட்டடக் கலை எங்கும் படிக்கவில்லை. அவர் கையில் இருந்தது சிசிலியில் பார்த்த ஒட்டுக் கட்டும் தொழிலும், அமெரிக்காவில் பழகிய குடைகிற தொழிலும்தான்.

ஃபொரெஸ்தியேரே என்ற இத்தாலியச் சொல்லுக்கே வெளியூர்க்காரன், அயலான் என்று பொருள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாலக்காட்டு டவுனுக்குப் போனால் நாங்கள் 'பாண்டி'. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் 'மலையாளத்துக்காரங்க'. 1956க்கு முன்னால் பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் சித்தூர் கொச்சியோடு இருந்தது. இருந்த இடத்தில் இருந்தபடியே பெயர் மாறிக்கொண்டு வந்த ஊர். அந்த மனிதரோ பெயரிலேயே அயலான் என்பதைச் சுமந்துகொண்டு இன்னொரு கண்டத்துக்குப் போனார்.

வாங்கிய நிலம்

1900ஐ அடுத்த சில ஆண்டுகளில் அவர் மேற்குக் கரைக்கு நகர்ந்து, ஃபிரெஸ்னோ பக்கம் நிலம் வாங்கினார். நோக்கம் ஒன்றே ஒன்று: நாரத்தை வகை மரங்கள் வைத்து ஒரு தோட்டம். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாம் அந்த வகையில் அடக்கம். வாங்கிய பிறகுதான் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கல்போல் இறுகிய ஓர் அடுக்கு. வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

அந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சியரா நெவாடா மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் அது. குளிர்காலத்தில் மட்டும் மழை. வருடம் முழுவதற்கும் ஏறத்தாழ 280 மில்லிமீட்டர். மழைத் தண்ணீர் மேல்மண்ணிலிருந்து சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளை, கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். ஆழம் வரை போக அந்த மழை போதாது. கோடை வந்ததும் ஈரம் காய்ந்துவிடும். கரைந்து வந்த சிலிக்காவும் இரும்பும் அந்த மட்டத்திலேயே படிந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே படிந்து படிந்து மண் துகள்களைச் சிமென்ட் போல ஒட்டவைத்துவிடும். சான் வாக்கீன் மண் என்று அதற்குப் பெயர். 1997இல் கலிஃபோர்னியா அதைத் தன் மாநில மண்ணாகவே அறிவித்தது.

எங்கள் சுக்கான் வேறு சாதி. அதில் ஒட்டவைப்பது சுண்ணாம்பு. கரிசலுக்கு அடியில் வெள்ளையும் சாம்பலுமாக உருண்டை உருண்டையாகத் தொடங்கி, சில இடங்களில் பலகை போல இறுகிக் கிடக்கும். பழைய காலத்தில் அதைத்தான் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். ஆனால் உண்டாகிற விதம் ஒன்றுதான். குறைவான மழை, கடுமையான வெயில், பாதி வழியில் நின்றுபோன தண்ணீர்.

இந்த மாதிரி நிலத்தை வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் ஃபிரெஸ்னோவில் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துளை போட்டு வெடி வைத்து உடைத்தார்கள். காசு இருந்தவர்களுக்கு அது முடிந்தது. ஃபொரெஸ்தியேரே அடுத்தவர் தோட்டங்களில் மண் சமன்படுத்தவும், வாய்க்கால் வெட்டவும், ஒட்டுக் கட்டவும் கூலிக்குப் போனார். தன் நிலத்தில் சின்னதாக ஒரு மரக் குடிசை போட்டுத் தங்கினார். ஃபிரெஸ்னோவின் ஜூலை, எங்கள் ஏப்ரலைப் போல. நிழலிலேயே 38 டிகிரி சர்வ சாதாரணம். மரப்பலகைக் குடிசைக்குள் அந்த வெயிலில் என்ன தூக்கம் வரும்?

குடைந்த விதம்

1906 வாக்கில் தொடங்கியிருக்கிறார். முதலில் வெட்டியது ஒரு நிலவறைதான். வெயிலுக்குத் தப்பிக்க ஓர் இடம். சிசிலியில் திராட்சை ரசம் வைக்கும் அறைகள் தரைக்கு அடியில் இருக்கும், எந்தக் கோடையிலும் குளிர்ச்சி குறையாது. அந்த நினைவு அவருக்கு இருந்தது. இங்கே கூரைக்குக் கட்டையும் ஓடும் தேவையில்லை. கீழே இருக்கும் மிருதுவான மண்ணை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் அந்த இறுகிய அடுக்கே கூரை.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த இடத்தைத்தான். வேரைத் தடுக்கிறது என்று எல்லாரும் சபித்த ஒன்று, தலைக்கு மேல் இருக்கும்போது தாங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் மண் நல்ல மண். மேலே மரம் வைக்கத்தான் முடியாது, கீழே வைக்கலாம். இதைச் சொல்வது சுலபம். கையில் குந்தாலியோடு ஒருவர், தினமும் கூலி வேலை முடித்து வந்து, இதைச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியதுதான் பெரிய காரியம்.

கருவி என்று பார்த்தால் குந்தாலி, மண்வெட்டி, தள்ளுவண்டி. பெரிய வேலைகளுக்கு இரண்டு கோவேறு கழுதைகளைப் பூட்டி 'ஃபிரெஸ்னோ ஸ்கிரேப்பர்' இழுத்தார். அகலமான இரும்புத் தொட்டி போன்ற அந்த மண்வாரி 1883இல் அதே ஊரில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கியது, அவரும் குடியேறியவர்தான். பனாமா கால்வாய் வெட்டும்போதுகூட அதைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் மாடு பூட்டிப் பரம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

வரைபடம் எதுவும் கிடையாது. மனதில் வைத்துக்கொண்டு, தரையில் குச்சியால் கோடு கிழித்து வெட்டியிருக்கிறார். ஆனால் கண்மூடித்தனமாக வெட்டவில்லை. அறைகளின் வாயில் எல்லாம் வளைவு, மேற்கூரை எல்லாம் குவிமாடம். மண்ணும் கல்லும் நெருக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. தட்டையான கூரை நடுவில் தொய்யும், தொய்கிற இடத்தில் இழுவிசை வரும், அங்கேதான் விரிசல். வளைவில் மேலிருந்து வரும் பாரம் இரண்டு பக்கமும் வழிந்து கால்களில் இறங்கிவிடும். வட்டக் கிணறு சரியாமல் நிற்பதும் இதனால்தான், சுற்றியுள்ள மண் நெருக்க நெருக்க வட்டம் இறுகும். அப்பாவிடம் இந்த வளைவுகளின் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "கிணத்தைப் படுக்கப் போட்டிருக்காருங்கறேன்" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெட்டியெடுத்த இறுகிய கட்டிகளை அவர் தூக்கி எறியவில்லை. அவற்றைக் கல்லாக வைத்து, சாந்து பூசி, சுவரும் தூணும் வளைவும் கட்டினார். இந்தக் கட்டிகளின் சொரசொரப்பு சாந்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கல் வாங்கக் காசு செலவழிக்கவில்லை.

பெரும்பகுதி பத்தடி ஆழத்தில் இருக்கிறது. சில இடங்கள் இருபது அடியையும் தாண்டி இன்னும் கீழே போகின்றன. ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்பில், அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளும் முற்றங்களும் நடைகளும். கோடைக்கு ஒரு படுக்கை அறை, குளிர்காலத்துக்கு ஒரு படுக்கை அறை, சமையலறை, குளியலறை, கணப்பு அடுப்போடு ஒரு கூடம், மீன் வளர்க்க ஒரு குளம். அந்தக் குளத்தின் ஒரு பகுதிக்கு அடியில் கண்ணாடி. கீழே உட்கார்ந்து அண்ணாந்தால் தலைக்கு மேல் மீன் நீந்தும். கார் வந்து போக சுமார் 800 அடி நீளத்தில் ஒரு சுரங்கப்பாதை. எல்லாம் ஒரு நாளில் திட்டமிட்டு வந்ததல்ல. ஓர் அறை முடிந்ததும் அடுத்தது தோன்றியிருக்கிறது.

மரங்கள்

வீட்டைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு மரங்கள்தான் முக்கியம்.

ஒவ்வொரு முற்றத்துக்கும், பல அறைகளுக்கும் மேலே வானம் தெரிகிற ஒரு திறப்பு. அதற்கு நேர் கீழே, பத்தடி ஆழத்தில், கல்லால் விளிம்பு கட்டிய ஒரு பாத்தி. அதில் ஒரு மரம். மரத்தின் தண்டு அறைக்குள் நிற்கும், தலை திறப்பு வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். தரைமட்டத்தில் நின்றபடியே கை நீட்டிப் பழம் பறிக்கலாம். ஏணி வேண்டாம். இதை முதலில் படித்தபோது வேடிக்கையான ஏற்பாடு என்றுதான் தோன்றியது. பிறகு ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

வேர் இறுகிய அடுக்கைத் தாண்டிய நல்ல மண்ணில் இருக்கிறது. ஈரமும் அங்கே இருக்கிறது. வெயில் அதை உறிஞ்ச முடியாது. தண்டையும் கிளையையும் அனல்காற்று தொடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சித்திரையில் எங்கள் எலுமிச்சையின் பூ கொட்டுவதே காற்றால்தான். ஃபிரெஸ்னோவில் குளிர்காலத்தில் உறைபனி விழும், எலுமிச்சைக்கு அது எமன். பூமிக்குள் இருக்கும் சூடு பனியிலிருந்து மரத்தைக் காத்தது. மிகக் குளிரான நாட்களில் திறப்புகளைக் கண்ணாடி போட்டு மூடி வைத்தார். மரம் பெரிதாகி, வெளிச்சம் அறைக்குள் வராமல் போனால் கிளையைக் கழித்தார்.

திறப்புகள் பல, மேலே குறுகி, உள்ளே விரியும்படி இருக்கின்றன. சூடான காற்று மேலே எழும், குறுகிய வாய் வழியாக வெளியேறும். அதற்குப் பதிலாக நடைகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். திறப்பைச் சுற்றி விளிம்பு உயர்த்திக் கட்டியிருக்கிறார், மேலே ஓடும் தண்ணீர் உள்ளே விழாமல் இருக்க. நேராக உள்ளே விழும் மழை பாத்திக்குப் போகிறது, மிஞ்சியது சரிவில் ஓடி உறிஞ்சுகுழிக்குப் போகிறது.

ஒட்டுக் கட்டுவதில் அவர் கை தேர்ந்தவர். ஒரே மரத்தில் ஏழு வகை நாரத்தைப் பழங்கள் காய்க்க வைத்தார். ஆரஞ்சு, எலுமிச்சை, பம்பளிமாசின் உறவான கிரேப்ஃப்ரூட் என்று ஒரே தண்டில். மாதுளை, அத்தி, திராட்சை, இலந்தையின் சீன வகை, சீமை மாதுளை என்கிற குயின்ஸ் எல்லாம் வைத்தார். ஒரே சமயத்தில் எல்லாம் பழுக்காமல், ஒன்று முடியும்போது இன்னொன்று வருகிற மாதிரி தேர்ந்து நட்டிருக்கிறார். அவர் நட்ட மரங்களில் சில நூறு ஆண்டை ஒட்டியும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தோட்டம் சரியாக அமைந்ததா என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

குறை என்று நான் நினைப்பது

அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லிவிட்டேன். ஆய்வு என்று எழுதினால் மறுபக்கத்தையும் எழுத வேண்டும்.

எந்த ஏட்டிலும் அவர் கணக்கு எழுதி வைக்கவில்லை. எந்த மண்ணில் எவ்வளவு அகலம் வரை வளைவு தாங்கியது, எங்கே சரிந்தது, எந்த ஒட்டு பிடித்தது, எது பட்டுப்போனது, இதெல்லாம் அவரோடு போய்விட்டது. கூட ஒருவரை வைத்துக்கொண்டு தொழிலைச் சொல்லிக்கொடுத்ததாகவும் இல்லை. மணம் செய்துகொள்ளவில்லை. கீழே ஓர் உணவு விடுதி நடத்த வேண்டும், வெயிலில் வாடுகிறவர்கள் வந்து இளைப்பாற வேண்டும் என்ற கனவு கடைசிக் காலத்தில் இருந்தது. அதற்காகத்தான் காருக்குப் பாதை, பெரிய கூடம். அது நிறைவேறவில்லை. 1946 நவம்பர் 10 அன்று, 67 வயதில், குடலிறக்க அறுவைக்குப் பிறகு வந்த நிமோனியாவில் இறந்துபோனார். ஒருவர் மட்டுமே அறிந்த தொழில்நுட்பம் அன்றோடு நின்றது. அவர் சகோதரர் அந்த இடத்தை வாங்கிக் காப்பாற்றியதும், 1954இல் மக்கள் பார்வைக்குத் திறந்ததும், 1977இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்ந்ததும் நல்ல விஷயங்கள். ஆனாலும் நமக்குக் கிடைத்திருப்பது அவர் செய்த பொருள். செய்த முறையை நாம் அதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவும் அப்படித்தான். ஐம்பதுக்கு மேல் கிணறு வெட்டியிருப்பார். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் சுக்கான், எத்தனை அடியில் ஊற்று என்று இன்றும் வாயில் இருக்கிறது. போன வருடம்தான் நான் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்துக்கு இது ஆகுமா

படத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, நம்ம தோட்டத்துலயும் இப்படிக் குடைஞ்சா சாளையே வேண்டாமில்லைங்?" சாளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீடு. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மாசியில் எங்கள் காட்டில் வெடிப்புக்குள் முழங்கை வரை விடலாம். அப்படி அசைகிற மண்ணுக்குள் அறை நிற்காது. எங்கள் சுக்கான் ஃபிரெஸ்னோவைப் போல ஒரே பலகையாகப் பரவியும் இல்லை. ஓரிடத்தில் இரண்டடி கனம், பத்தடி தள்ளி வெறும் உருண்டைகள். மழையும் அங்கே போல மெல்ல வருவதில்லை, ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும்.

பூமியைக் குடைகிற வழக்கம் கேரளத்திலும் இருக்கிறது, ஆனால் வடக்குக் கோடியில், காசர்கோட்டில். அங்கே செம்பூராங்கல் மலைச்சரிவில் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் படுக்கைவாக்கில் குடைந்து ஊற்றைத் தேடுகிறார்கள். சுரங்கம் என்றே பெயர். எல்லையைத் தாண்டித் தென்கன்னடத்தில் அமை மகாலிங்க நாயக் என்ற விவசாயி, பாக்கு மரம் ஏறும் கூலியாக இருந்தவர், மொட்டைச் சரிவு நிலத்தில் தனியாளாகப் பல சுரங்கங்கள் குடைந்தார். ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்று, கடைசியில் தண்ணீரை எட்டித் தோட்டம் உண்டாக்கினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. செம்பூராங்கல் வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். அதனால் அங்கே சுரங்கம் நிற்கிறது. அதே வேலையைக் கரிசலில் செய்தால் ஆள் மீது விழும். ஃபொரெஸ்தியேரே, நாயக் இருவருமே தங்கள் மண்ணை அறிந்து வெட்டியவர்கள்தான்.

அப்படியானால் எங்களுக்கு என்ன? இதற்கு என் தோட்டத்திலேயே பதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

2017இல் நாற்பது எலுமிச்சைக் கன்று வைத்தேன். முந்தின வருடம் கேரளம் முழுக்க வறட்சி, தென்னையில் கால்வாசி போயிருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஜேசிபி வைத்துக் குழி எடுத்தேன். ஓட்டியவர் சுக்கான் தட்டியதும் நிறுத்திவிட்டார். மூன்றடிக் குழி, பார்க்க நேர்த்தியாக இருந்தது. தொழு உரமும் மேல்மண்ணும் போட்டு நட்டுவிட்டேன். முதல் வருடம் தளதளவென்று வந்தது. அடுத்த ஆண்டு பெருமழை. ஆவணியில் இலைகள் மஞ்சளாகின, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது சுண்ணாம்பு நிலத்தில் வருகிற இரும்புச்சத்துக் குறைவு என்று மருந்து தெளித்தேன். கார்த்திகைக்குள் இருபத்தாறு கன்று போய்விட்டது.

செத்த ஒன்றைப் பிடுங்கினேன். சிரமமே இல்லாமல் வந்தது. வேர் கீழே போக இடமில்லாமல் குழியின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருந்தது, தொட்டியில் வைத்த செடியைப் போல. தோல் கையோடு உரிந்தது. அழுகிய முட்டை நாற்றம். குழிக்கு அடியில் கையை விட்டேன். மழை நின்று இருபது நாளாகியும் சேறு. சுக்கானில் நான் எடுத்தது குழியல்ல, தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிகளில் என் கன்றுகளை நானே மூழ்கடித்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை.

ஃபொரெஸ்தியேரேயின் கதை அதற்கப்புறம்தான் கையில் கிடைத்தது. அவர் செய்ததில் எங்களுக்கு ஆவது மூன்று சங்கதி. வேரை இறுகிய அடுக்கைத் தாண்டி உட்கார வைக்க வேண்டும். தண்ணீர் வெளியேற வழி வைக்காமல் மரம் வைக்கக்கூடாது. குழியின் வாயைச் சுற்றி விளிம்பு உயர்த்தி, கண்ட தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அறையும் இல்லை, வளைவும் இல்லை. கடப்பாறை இருந்தால் போதும்.

இப்போது நான் குழி எடுக்கும் முறை இது. மூன்றடிக்கு மூன்றடி வெட்டி, சுக்கான் தட்டியதும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கடப்பாறையால் இடித்து இறங்குவேன். சுக்கானின் கனம் எங்கள் நிலத்தில் ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடி வரை. தாண்டியதும் மண் மாறிவிடும். பழுப்பு நிறத்தில், பிசைந்தால் விரலில் ஒட்டாத மிருதுவான மண். அப்பா அதை 'வெண்ணெய் மண்' என்பார். பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவேன். மறுநாள் காலையில் தண்ணீர் நின்றால் இன்னும் இடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், துளையில் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, அதன் மேல் கன்று. இடித்தெடுத்த சுக்கான் கட்டிகளையே குழியைச் சுற்றி அரையடி உயரத்துக்கு அடுக்கிவிடுகிறேன். வெயிலுக்கு வடமேற்கில் ஒரு கிளுவைக் கொம்பு. ஒரு குழிக்கு ஒரு முழு நாள் ஆகிறது. ஜேசிபி அதே நேரத்தில் முப்பது எடுத்துவிடும். பரவாயில்லை.

இந்த முறையில் பதினொரு மரம் வைத்திருக்கிறேன். முதலில் வைத்த நான்கு இப்போது காய்க்கின்றன. போன கோடையில் பக்கத்துக் காட்டில் மரங்கள் வாடி நின்றபோது இவை வாடவில்லை. பதினொன்றை வைத்து ஊருக்கே முறை சொல்ல முடியாது என்பது தெரியும். அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் குழியின் ஆழம், சுக்கானின் கனம், தண்ணீர் வடிந்த நேரம், முதல் பூ வந்த மாதம் எல்லாவற்றையும் அப்பாவின் கிணறுகள் இருக்கும் அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.

பன்னிரண்டாவது குழி போன வாரம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு. குழிக்குள் இறங்க நான் விடுவதில்லை. ஆனாலும் கயிற்றுக் கட்டிலைக் குழிமேட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வலது காது கொஞ்சம் மந்தம் என்பதால் இடது காதைக் குழிப்பக்கம் திருப்பிக்கொள்வார். காலையிலிருந்து 'ணங்', 'ணங்'தான். மூன்று மணிக்கு என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

"ஏனுங்ப்பா, நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்றேன்.

"சத்தம் மாறுது சாமி. இன்னும் ரெண்டு போடு."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போட்டேன். இரண்டாவதில் கடப்பாறை திரும்பி வரவில்லை. 'சொத்'தென்று ஒரு முழம் உள்ளே போய் நின்றது. மேலே அப்பா வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.